லினக்ஸ் லேப்டாப் ஆன் ஆகிறது, திரை மட்டும் இருட்டு: எங்கிருந்து தொடங்குவது?

பட்டனை அழுத்துகிறீர்கள். விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவது. அங்கே "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்று சொன்னதும் தலையாட்டிவிடுவது. பிள்ளையின் காதுகுத்துப் போட்டோ, கல்லூரி புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் அதோடு போயிற்று.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். திரை இருட்டினால் உங்கள் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. அவை பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். திரைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே எங்கேயோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். அது எந்தக் கண்ணி என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். நான் இந்த உதவியைப் பெரும்பாலும் போனில்தான் செய்கிறேன். எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று ஆள் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம். அதனால் கட்டளைகளை இங்கேயும் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் எழுத்துகளில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ஆகவே "பாம்பன் பி", "பஸ் பி" என்றும், "டெல்லி டி", "டீ டி" என்றும் பிரித்துச் சொல்வேன்.

எந்த நொடியில் இருட்டுகிறது?

லேப்டாப் எழுவது ஒரே தாவலில் நடப்பதில்லை. முதலில் கம்பெனி லோகோ வரும். அது லேப்டாப்பின் சொந்த மென்பொருள். லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. அடுத்தது கிரப், எந்தச் சிஸ்டத்தைத் திறக்கலாம் என்று கேட்கும் பட்டியல். பிறகு லினக்ஸின் மையமான கெர்னல் எழுந்து, கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றும். கடைசியாக, பாஸ்வேர்டு கேட்கும் லாகின் திரை.

ஒரு பேப்பரை எடுத்து, லேப்டாப்பை ஒருமுறை முழுதாக அணைத்து, மறுபடி ஆன் செய்து, கடைசியாக என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். லோகோவே வரவில்லையா? லோகோ வந்து கிரப்புக்குப் பிறகு இருட்டியதா? எழுத்துகள் ஓடி நின்றதா? லாகின் வரை வந்து பாஸ்வேர்டு போட்டபின் கறுத்ததா? இந்த ஒரு வரிக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

லோகோவே வரவில்லை என்றால்

இங்கே லினக்ஸைக் குறை சொல்ல இடமே இல்லை. வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

அறை விளக்கை அணையுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், நேராக அல்ல, சாய்வாகப் பிடியுங்கள். கண்ணையும் திரைக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். கறுப்புக்கு அடியில் லோகோவோ எழுத்தோ புகைபோல மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் படம் வருகிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை எஃப்என் பட்டனோடு சேர்த்துப் பலமுறை அழுத்திப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால் பேக்லைட் அல்லது அதற்குப் போகும் கேபிள்.

ஒன்றுமே தெரியவில்லையா? எச்டிஎம்ஐ கேபிளை வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது, திரையிலோ கேபிளிலோதான் கோளாறு. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது கோடு விழுவதும் மறைவதுமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீல் வழியாகப் போகும் கேபிள் தேய்ந்திருக்கிறது.

டிவியிலும் வரவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து எழுந்துகொள்ளும் லேப்டாப்புகள் நிறைய உண்டு.

அதுவும் பலிக்கவில்லை என்றால் நம் கடற்கரையில் நான் அடுத்துத் தொடுவது ரேம் என்னும் நினைவகத் துண்டு. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் பிசுபிசுப்பாக ஒட்டுமே, அதே உப்புதான் லேப்டாப்பின் விசிறி வழியாக உள்ளேயும் போகிறது. ஈரத்தோடு சேர்ந்து உலோகத் தொடுமுனைகளில் படலம் கட்டிவிடும். தொடர்பு விட்டுப் போனால் திரையில் எதுவும் வராது, சிலவற்றில் பீப் சத்தம் மட்டும் வரும். சார்ஜரும் பேட்டரியும் கழற்றிய நிலையில் அடிமூடியைத் திறந்து, ரேம் துண்டின் இரு பக்கக் கொக்கிகளை விலக்கினால் அது சாய்வாக எழும். தங்க நிறப் பற்கள் இருக்கும் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு மங்கி அழுக்குப் பழுப்பாக இருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். பென்சில் ரப்பரும் பலர் பயன்படுத்துகிறார்கள். தேய்க்கிற தூள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். முழுதும் உலர்ந்தபின், பழைய சாய்விலேயே செருகி, 'டிக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

திறக்கப் பயமாக இருந்தால் கடைக்கே கொண்டு போங்கள், தவறில்லை. ஆனால் "ரேமைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

லோகோ வருகிறது, அதன்பிறகு இருட்டு

இனிமேல் லினக்ஸின் எல்லை. இங்கேதான் நீங்கள் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியது அதிகம்.

லேப்டாப்பை மறுபடி ஆன் செய்து, லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். பழைய வகை லேப்டாப் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். கிரப் பட்டியல் வரும். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் 'கிரப்>' என்று வெறும் வரி ஒன்று வந்து நிற்கும். பயப்படாமல் 'நார்மல்' என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே ஒரே ஒரு எஸ்கேப். பட்டியல் திரும்பிவிடும்.

பட்டியலில் இரண்டாவதாக 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். உள்ளே போனால் கெர்னல்கள் வரிசையாக, புதியது மேலே, பழையது கீழே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ரெக்கவரி மோட்' என்று இன்னொரு வரியும் இருக்கும். முதலில் ரெக்கவரி இல்லாத பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் செய்தபின் வந்த இருட்டு என்றால் இது ஒன்றே பலமுறை போதும்.

மண்டபத்தில் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்தது இதுதான். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். சேர்த்துவைத்த காசில் வாங்கிய பழைய லேப்டாப். இரவு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டது. காலையில் கறுப்புத் திரை. "அண்ணே, கடையில ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. புராஜெக்ட் பூரா அதுலதாண்ணே இருக்கு" என்று அழுகையோடு போன். "அழாத தங்கச்சி, கடைசியா என்ன தெரிஞ்சுச்சு, அத மட்டும் சொல்லு" என்றேன். கிரப் வந்தது, பிறகு இருட்டியது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணே, வந்துருச்சு!"

அப்டேட் பாதியில் அறுந்ததால் புதிய கெர்னலுக்கு வேண்டிய துணை ஃபைல் முழுதாக உருவாகவில்லை. உள்ளே போனதும், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, பாதியில் நின்றதை முடிக்கச் சொன்னோம்: 'சூடோ' (எஸ், யு, டெல்லி டி, ஓ), இடைவெளி, 'டிபிகேஜி' (டெல்லி டி, பாம்பன் பி, கே, ஜி), இடைவெளி, இரண்டு சிறுகோடு ஒட்டி 'கான்ஃபிகர்', இடைவெளி, ஒரு சிறுகோடு ஒட்டி 'ஏ'. அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' (ஆப்ட் என்பது ஏ, பாம்பன் பி, டீ டி), இடைவெளி, சிறுகோடு ஒட்டி 'எஃப்'. மறுபடி ஆன் செய்தபோது புதிய கெர்னலே எழுந்தது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. உபுண்டு, மின்ட், டெபியன் வழிவந்த எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் இந்த இரண்டு கட்டளையும் பொருந்தும்.

பழைய கெர்னலும் இருட்டினால்: நோமோட்செட்

கெர்னல் எழும்போதே கிராபிக்ஸ் சிப்புக்கான டிரைவரை ஏற்றி, திரையின் அளவைத் தானே அமைக்கும். அந்த டிரைவருக்கும் சிப்புக்கும் ஒத்துவராவிட்டால் அந்த நொடியில் திரை கறுக்கும். என்விடியா சிப் உள்ள லேப்டாப்பில் புதிதாக லினக்ஸ் போட்டவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். "அந்த வேலையை இப்போதைக்குச் செய்யாதே" என்று கெர்னலுக்குச் சொல்லும் சொல்தான் நோமோட்செட்.

கிரப் பட்டியலில் முதல் வரி மேல் நின்று 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். பல வரிகள் திறக்கும். எதையும் அழிக்காமல் கீழ் அம்புக்குறியால் இறங்கி, 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியைப் பிடியுங்கள். அதன் கடைசியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லையும் அழித்து, அதே இடத்தில் நோமோட்செட் என்று தட்டுங்கள்: என், ஓ, எம், ஓ, டெல்லி டி, ஈ, எஸ், ஈ, டீ டி. ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. முன்னால் மட்டும் ஒரு இடைவெளி. பிறகு எஃப்10.

கொயட் ஸ்பிளாஷை அழித்ததால் இப்போது எழுத்துகள் ஓடும். இது நல்லது. எங்காவது நின்றால் கடைசி வரியைச் செல்போனில் போட்டோ எடுத்துவையுங்கள்.

திரை வந்தால் படம் பெரிதாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும். வெளிச்சப் பட்டனும் வேலை செய்யாமல் போகலாம். அப்படியே விட்டுவிடாதீர்கள். நோமோட்செட் உள்ளே நுழைவதற்கான வழி மட்டும்தான். நுழைந்ததும் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பரிந்துரை என்று காட்டும் டிரைவரை நிறுவுங்கள். செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளை எழும்போதே தடுக்கும் பாதுகாப்பு) ஆன் ஆக இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்தமுறை ஆன் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து, 'என்ரோல் மாக்' கொடுத்து அதே பாஸ்வேர்டைத் தட்டச் சொல்லும். பலர் அந்த நீலத் திரையைப் பார்த்து மிரண்டு 'கன்டினியூ' கொடுத்துவிடுகிறார்கள். டிரைவர் ஏறாமல் மறுபடி தொல்லைதான்.

கிரப்பில் 'ஈ' தட்டிச் செய்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டும். தவறாகத் தட்டியிருந்தாலும் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி ஆகிவிடும். தைரியமாக முயற்சி செய்யலாம்.

இன்டெல் சிப்பில் திரை வருகிறது, ஆனால் துடிக்கிறது என்றால் நோமோட்செட்டுக்குப் பதில் இதைப் போடுங்கள்: ஐ915, புள்ளி, 'எனேபிள்', கீழ்க்கோடு, 'பிஎஸ்ஆர்' (பாம்பன் பி), சமக்குறி, 0. டார்ச் அடித்தால் மட்டும் படம் தெரிகிறது, ஆனால் லோகோ நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது என்றால்: 'ஏசிபிஐ' (பாம்பன் பி), கீழ்க்கோடு, 'பேக்லைட்', சமக்குறி, 'நேட்டிவ்'. இவை பலித்தால் நிரந்தரமாக்க வேண்டும். டெர்மினலில் 'சூடோ நானோ' என்று தட்டி, இடைவெளி விட்டு /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற ஃபைலைத் திறந்து (ஈடிசி என்பது ஈ, டீ டி, சி), கொயட் ஸ்பிளாஷ் இருக்கும் மேற்கோளுக்குள் அந்தச் சொல்லைச் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் மாற்றம் ஏறாது.

லாகின் வரை வந்து இருட்டினால்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சிலவற்றில் எஃப்என் பட்டனும் வேண்டும். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரையில் பெயர் கேட்கும். பாஸ்வேர்டு தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, அது இயல்புதான்.

உள்ளே போனதும் 'டிஎஃப்' (டெல்லி டி, எஃப்), இடைவெளி, சிறுகோடு ஒட்டி 'எச்'. கடைசி நெடுவரிசையில் வெறும் '/' மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். அங்கே 100% என்று இருந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது, டெஸ்க்டாப் எழத் தேவையான சிறு ஃபைல்களை எழுதக்கூட இடமில்லை. 'சூடோ ஆப்ட் கிளீன்' கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் வேண்டாத சினிமா ஒன்றை அழித்துவிட்டு 'ரீபூட்' கொடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் இருந்து லேப்டாப்பை எழுப்புங்கள். உபுண்டு பென்டிரைவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், மின்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்'. அதில் திரை ஒழுங்காக வந்தால் திரையும் கேபிளும் நலம். அப்போதே ஃபைல் மேனேஜரில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து, வேண்டிய எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எடுத்ததில் நாலைந்து போட்டோவைத் திறந்தும் பாருங்கள். ஃபார்மட் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

அப்டேட்டை இனிமேல் பகலில், சார்ஜரும் செருகி, பேட்டரியும் நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்தபடி வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் பைக்குள் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடவே வையுங்கள். இடம் பிடிக்கிறது என்று பழைய கெர்னலை மட்டும் கையால் அழித்துவிடாதீர்கள். மண்டபத்துத் தங்கச்சியின் புராஜெக்ட் மீண்டது அது இருந்ததால்தான்.