முதல் ஸ்டெதஸ்கோப் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவப் படிப்பில் இடம் உறுதியானவுடன் பலரும் வாங்கத் துடிக்கும் பொருள் ஸ்டெதஸ்கோப். அந்த ஆர்வத்தில், இதயநோய் நிபுணர்களுக்கென உள்ள விலையுயர்ந்த வகையை வாங்கிவிடுவதே நான் அதிகம் காணும் தவறு. நோயற்ற இதயத்தின் லப்-டப் ஒலிக்கே காது பழகாத நிலையில், மர்மர் எனப்படும் நுண்ணிய இதய இரைச்சல்களைப் பிரித்துக் காட்டும் அதன் கூடுதல் திறனால் பயன் மிகக் குறைவு. அதற்காகக் கிடைப்பதிலேயே மலிவானதை வாங்குவதும் சரியன்று. இணைப்புகளில் காற்று கசிந்தாலோ குழாய் மெலிந்திருந்தாலோ வெளிச்சத்தம் உள்ளே புகுந்து, கேட்க வேண்டியதை அமுக்கிவிடும். தகட்டுப் பகுதியான டயஃப்ரம், கிண்ணப் பகுதியான பெல் ஆகிய இரண்டின் வேலையையும் செய்யும் தரமான நடுத்தர வகையே போதும்.

மார்பில் வைக்கும் தலைப்பகுதி எப்படி இயங்குகிறது என்று அறியாமல் வாங்குவது இதைவிடப் பெரிய தவறு என்பேன். தகடு பொருத்திய டயஃப்ரம், மூச்சொலி, இதயத்தின் முதலிரண்டு ஒலிகள் போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளுக்கு உரியது. கிண்ணம் போன்ற பெல், லப்-டப்பை அடுத்துச் சிலரிடம் கேட்கும் மூன்றாம் இதய ஒலி, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் கேட்கும் உருமல் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு உரியது. பெல்லை அழுத்திப் பிடித்தால் அடியிலுள்ள தோலே இறுகி டயஃப்ரம் போலாகி, அந்தத் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். சில வகைகளில் ஒரே பக்கம் இரு வேலையையும் செய்யும். மெல்ல வைத்தால் தாழ்ந்த ஒலியும் அழுத்தினால் உயர்ந்த ஒலியும் கேட்கும். இரு பக்கமும் உள்ள தலையிலோ, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும். புதிய கருவி பழுதென்று மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். காதில் மாட்டி டயஃப்ரத்தை விரல்நுனியால் தட்டியபோது ஏதும் கேட்கவில்லை. தலையைக் கிளிக்கென்று அரைவட்டம் திருப்பியதும் அதே தட்டல் முரசு போல் ஒலித்தது.

காதுமுனைகளைப் பலர் கவனிப்பதே இல்லை. அவை காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் வீண். செவிக்குழாய் மூக்கை நோக்கிச் சற்று முன்புறமாகச் சாய்ந்திருப்பதால், காதுமுனைகளும் முன்னோக்கியே இருக்கும்படி மாட்ட வேண்டும். வெவ்வேறு அளவுகளைப் போட்டுப் பார்த்து, வலியில்லாமல் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு ஒலியைப் பெருக்கும் மின்னணு வகை உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் அது தேவையில்லை.

நிறத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது குழாயின் நீளத்துக்கும் எடைக்கும் கொடுங்கள். நாள் முழுவதும் அதைச் சுமப்பது உங்கள் கழுத்துதான். வெறும் கழுத்தில் தொங்கவிட்டால் தோலின் எண்ணெய்ப்பசை பட்டுக் குழாய் காலப்போக்கில் விறைத்துப்போகும் என்பதால், சட்டைக் காலருக்கு மேல் போடுவது நல்லது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 70% ஆல்கஹால் துடைப்பானால் துடைக்க வேண்டும். திரவத்தில் மூழ்கவைக்கக் கூடாது. வாங்கியவுடன் பெயரைப் பொறித்துவிடுங்கள், ஏனெனில் வார்டில் ஒரே மாதிரி கறுப்புக் குழாய்கள் பல கிடக்கும்.