கனத்த இடத்தில் காஜா எடுக்க

தில்லியில் குளிர் தொடங்கும் முன்பே எனக்குக் கோட்டு வேலை வந்துவிடும். ஆர்.கே. புரத்தில் எங்களைச் சுற்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அக்டோபர் கடைசியிலேயே கம்பளித் துணியோடு வாசலில் நிற்பார்கள். ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பழகிய கைக்குக் கோட்டுத் துணியில் காஜா, அதாவது பட்டன் நுழையும் ஓட்டை, எடுப்பது பெரிய சோதனை.

சில வருடங்களுக்கு முன் மாடி வீட்டு மாமிக்கு நிமிர்ந்த காலர் வைத்த கம்பளிக் கோட்டு தைத்தேன். ஆறு காஜாவில் ஐந்து பிசிறில்லாமல் வந்தன. காலர் பட்டியில் எடுத்த மேல் காஜாவில் மட்டும் மெஷின் நின்ற இடத்திலேயே குத்திக் குத்தி நூலை முடிச்சாக்கிவிட்டது. மாமி போட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, இது மட்டும் எலி கடிச்ச மாதிரின்னா இருக்கு?" என்றார். பிரித்தால் நூலோடு கம்பளியும் பிய்ந்து வந்தது. காலரையே மாற்றித் தர, அதே சாம்பல் நிறத் துணியைத் தேடி நேரு பிளேஸ் கடைகளில் அரை நாள் அலைந்தேன்.

அன்று துணியின் கனத்தைத்தான் குறை சொன்னேன். ஆனால் அதே கம்பளியில் மற்ற ஐந்தும் ஒழுங்காக வந்தனவே என்று யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. காலர் நுனியில் தையல் மடிப்பெல்லாம் உள்ளே கூடிக் கிடக்கும். துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் காஜா ஃபுட்டின் ஒரு பாதி அந்த மேட்டில் ஏறி நிற்கிறது; மறுபாதி துணியின் ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறது. ஃபுட் சாய்ந்துவிட்டால் அடியிலிருந்து துணியை நகர்த்தும் பல்லுக்கு அது சரியாகப் பிடிபடாது. துணி நகராது, ஊசி மட்டும் குத்திக்கொண்டே இருக்கும்.

கட்டில் கால் ஆடினால் அட்டையை மடித்து முட்டுக் கொடுப்போமே, இங்கேயும் அதே வேலைதான். அதே துணியின் வெட்டுத் துண்டைக் காலர் நுனியின் உயரம் வரும்வரை மடியுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியக் கூடாது. அந்த மடிப்பைக் காலர் ஓரத்தோடு ஒட்டி, வெளிப்பக்கமாக, ஃபுட்டின் தொங்கும் பாதிக்கு அடியில் வையுங்கள். காஜா ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தொடங்குவதால் முட்டு தையலில் மாட்டாது. ஜீன்ஸ் இடுப்புப் பட்டிக்கும் இதே வழிதான்.

மேட்டைத் தைக்கும்போதே குறைத்து வைப்பது இன்னும் நல்லது. காலரைத் திருப்பும் முன் உள் மடிப்புகளில் ஒன்றை 3 மில்லிமீட்டரும் இன்னொன்றை 6 மில்லிமீட்டரும் விட்டு நறுக்குங்கள். மூலையைச் சாய்வாக வெட்டுங்கள். திருப்பியதும் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, ஆவி அடங்கும்வரை மரக்கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். நான் பழைய பூரிக்கட்டையின் பலகையை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

ஊசி 16-ஆம் நம்பர், புதிதாக இருக்கட்டும். ஜிக்ஜாக் தையலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு அமைத்து, அதே தடத்தில் இரண்டு சுற்று ஓட்டுங்கள். ஒரே சுற்றில் நெருக்கமாகப் போட்டால் கனத்த துணியில் நூல் அடைத்துக்கொள்ளும். கம்பளியின் ரோமத்தில் தையல் புதைந்தால் மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். காஜா நீளத்துக்குப் பட்டனின் அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்ட வேண்டும். 20 மில்லிமீட்டர் பட்டன் 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 24. கோட்டுக்கு நான் இன்னும் 2 சேர்ப்பேன்.

முதலில் வெட்டுத் துண்டில் எடுத்துப் பாருங்கள். வெறுமனே இரண்டு மடிப்பு போதாது. காலர் நுனியில் இருக்கும் அதே மடிப்பு, விறைப்புக்காக உள்ளே வைக்கும் அதே கேன்வாஸ் துணி, அதே மேடு அந்தத் துண்டிலும் இருக்க வேண்டும்.

தைக்கும்போது கோட்டு மேசையிலிருந்து கீழே தொங்கினால் அதன் பாரமே காஜாவைக் கோணலாக இழுத்துவிடும். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு முழுக் கோட்டையும் அதில் ஏற்றி வையுங்கள். முதல் நாலைந்து குத்துகளைக் கையால் சக்கரத்தைச் சுற்றியே போடுங்கள். துணியைப் பிடித்து இழுக்கவே கூடாது.

அறுக்கும் முன் காஜாவின் இரண்டு முனையிலும் குண்டூசி குறுக்கே குத்திக்கொண்டு, முனையிலிருந்து நடுவை நோக்கி அறுங்கள். கோட்டுத் துணியை ஒரே மூச்சில் அறுக்க முடியாது. மேல் மடிப்பு, கேன்வாஸ், கீழ் மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் போங்கள்.

பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்தால் இத்தனை பாடுபட்டு எடுத்த காஜா அதில் சிக்கிச் சுருங்கும். பட்டன் மேல் தீக்குச்சி வைத்து அதன்மீது நூலை ஓட்டுங்கள். குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே இழுத்து, அடியில் நாலு சுற்று நூல் சுற்றி முடிச்சுப் போடுங்கள். துணியின் கனம் அளவுக்கு அந்தக் காம்பு நிற்க வேண்டும்.