வேலூரில் முதல் வீடு வாங்குவோர் கவனத்திற்கு

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீடு மனத்துக்குப் பிடித்துவிட்டாலும், பத்திரங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சொத்து கைமாறிய வரிசை எங்கும் அறுபடவில்லை என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) எடுக்க வேண்டும். ஆனால் பதிவு செய்யப்படாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் தெரியாது என்பதால், பூர்வீகச் சொத்தாக இருந்தால் வாரிசுச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, வெளியூரில் வாழும் மகள்கள் உட்பட அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பார்ப்பது மிக அவசியம். இந்த ஒன்றில் மட்டும் தயவுசெய்து யாருடைய முகத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பட்டாவின் புல எண் (சர்வே எண்) பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவையாளரோடு நான்கு மூலைகளிலும் நின்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் 40 அடி, தரையில் 38 அடி என்றால், அந்த இரண்டடி பக்கத்து மதில் சுவருக்குள் போயிருக்கலாம். ஏரி, ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மனைகளில் இன்னும் கவனம் தேவை.

ஆழ்துளைக் கிணறு கோடையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தெருவில் தண்ணீர் நின்றதா என்றும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனக் கணக்கிட்டால், 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4.5 லட்சம் தனியாக வேண்டும். கடன் தரும்போது வங்கிகள் இதை வீட்டின் மதிப்பில் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதால், இத்தொகையைக் கையிருப்பாக வைத்துக்கொண்ட பிறகே விலை பேசுங்கள்.