ஒரே டியூப், இரண்டு காம்பு: ஆட்டு மடிவீக்கத்தில் செய்யக்கூடாதவை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். "மடி கல்லு மாதிரி இருக்கு, என்ன செய்யலாம்?" மலையாளக்காரர்கள் அகிடுவீக்கம் என்பார்கள், நாம் மடிவீக்கம் என்கிறோம். மூவருமே நான் ஆறு வருடம் முன்பு செய்த அதே தவறைச் செய்துவிட்டுத்தான் வந்தார்கள். கை கழுவுவது, கொட்டிலைக் கூட்டுவது எல்லாம் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

டியூபைப் பங்கு வைப்பது

காம்பு வழியாக மடிக்குள் ஏற்றும் ஆண்டிபயாட்டிக் மருந்து டியூப் பெரும்பாலும் மாட்டுக்கென்று வருவது. ஆடு சின்ன உயிர், பாதி போதும், மீதியை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

என் மலபாரி ஆடு வெள்ளச்சிக்கு அப்போது இரண்டாம் ஈற்று, இரட்டைக் குட்டி. குட்டிகள் குடித்தது போகக் காலையில் முக்கால் லிட்டர் கறப்பேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் வலது மடி வீங்கியது. குட்டி முட்டினால் உதைத்தது. கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தால் திரித்திரியாக விழுந்தது. டியூபின் மூக்கை வலது காம்பில் நுழைத்துப் பாதியை ஏற்றினேன். மீதியை, காப்புக்கு இருக்கட்டும் என்று நல்லாயிருந்த இடது காம்பில் ஏற்றினேன். மூன்றாம் நாள் இடதிலும் திரி. அடுத்த ஈற்றில் வலதில் ஒரு துளி இல்லை, இடதில் கால் லிட்டர். குட்டிகளைப் புட்டிப்பாலில் வளர்த்தேன்.

நோய்க்காம்புக்குள் போய் வந்த மூக்கில் கிருமி ஒட்டியிருக்கும். அதை நல்ல காம்பில் நுழைத்தால் நாமே விதைத்த மாதிரி. வீங்கின பக்கத்துக்கும் பாதி மருந்துதான் கிடைக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, பாதி டியூபை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "காசு கொடுத்து வாங்கினதாச்சே, தம்பி." அக்கா மேல் கோபமில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு விற்றவரும்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த டியூபை ஒரு காம்புக்கு ஒன்று என்று முழுசாக ஏற்றுங்கள். முதலில் மடியை ஒட்டக் கறந்துவிட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு மூக்கின் நுனியை மட்டும் நுழையுங்கள். ஆட்டுக் காம்பின் துளை சின்னது, முழுசாகத் திணித்தால் உள்ளே கிழியும். அப்புறம், முதல் மருந்துக்கு முன்பே சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பால் பிடித்து மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து ஏறிய பாலில் கிருமியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பால் தெளிந்ததும் நிறுத்துவது

இரண்டு நாளில் பால் வெள்ளையாகிவிடலாம். ஆனாலும் கிருமி உள்ளே சதையில் பதுங்கியிருக்கலாம். டாக்டர் சொன்ன நாள்கணக்கை முடியுங்கள்.

மருந்துப்பாலைக் காய்ச்சிக் குடிப்பது

காய்ச்சினால் ஆண்டிபயாட்டிக் போகாது. குழி தோண்டிக் கொட்டுங்கள்.

காம்பில் ஈர்க்கு குத்துவது

அடைப்பை எடுக்கிறேன் என்று குத்துவது வேண்டவே வேண்டாம்.

நீலமான மடிக்கு மூலிகைப் பற்று அரைப்பது

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்பது மாட்டுக்குச் சொல்லும் அளவு. ஆரம்ப வீக்கத்துக்கு, டாக்டர் மருந்தோடு சேர்த்து, அளவைக் குறைத்து நானும் பூசுகிறேன். ஆனால் மடி தொட்டால் சில்லென்று இருந்து, தோல் நீலம் பாய்ந்து, ஆடு தீனி எடுக்காமல் நின்றால் உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் ஆடே போய்விடலாம். ராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நோய் ஆட்டை முதலில் கறப்பது

கடைசியில் கறங்கள்.

கறந்ததும் படுக்க விடுவது

கறந்த பிறகு காம்புத் துளை இறுக மூட அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் ஈரத் தரையில் படுத்தால் அழுக்கு நேராக உள்ளே போகும். வெள்ளச்சியின் மகளுக்கு, கறந்த கையோடு ஒரு கட்டு பலாத்தழையை உயரத்தில் தொங்கவிடுகிறேன். அது நின்றபடியே கடைசி இலைவரை தின்று முடிக்க அந்த அரை மணி சரியாக இருக்கிறது.