‘ஸ்பேரிங்லி’: எவ்வளவா, எத்தனை தடவையா?

2019 ஜூன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. எங்கள் குடியிருப்புக்கு மூன்று நாளைக்கு ஒரு லாரித் தண்ணீர். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லி அசோசியேஷன் செயலாளர் ஒரு வரி கொடுத்தார்: ‘ப்ளீஸ் யூஸ் வாட்டர் ஸ்பேரிங்லி.’ தமிழில் எழுதும் வேலை என்னுடையது. கைப்பேசி அகராதியில் முதலில் வந்த சொல்லை எடுத்து ‘தண்ணீரை அரிதாகப் பயன்படுத்தவும்’ என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலை, பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அதைப் படித்துவிட்டு நின்றார். “அப்போ தினமும் தேய்க்க வர வேணாமா தம்பி?”

அவர் கேட்டது சரிதான். அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் கையாளும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: வேரைப் பாருங்கள்

அடிச்சொல் ஸ்பேர். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பொருள்: தீங்கு செய்யாமல் விட்டுவிடுவது, செலவழிக்காமல் விட்டுவைப்பது. ஸ்பேர் டயர் இரண்டாவது வகை. (நாம் அதை ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவில் அந்தச் சக்கரம் செய்யப்பட்டதால் வந்த பெயர்.) ஆக, ஸ்பேரிங்லி என்றால் கையை இழுத்துப் பிடித்துப் புழங்குவது. இருக்கிறதே என்று வாரி இறைக்காமல் இருப்பது.

படி 2: எதைப் பற்றிச் சொல்கிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இது. ஆங்கிலச் சொல் ‘குறைவாக’ என்பதோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமா, எப்போதாவது ஒரு முறையா என்று அதுவே சொல்லாது. அடுத்து வரும் பொருளைப் பார்த்து நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.

ஆச்சரியக்குறியை ஸ்பேரிங்லி போடு என்றால் எப்போதாவது போடு. உப்பு என்றால் அளவாக, கிள்ளிப் போடு. தண்ணீர் தினமும் வேண்டும், அதனால் அங்கே ‘அரிதாக’ செல்லாது. ‘தண்ணீரைப் பார்த்துப் புழங்குங்கள்’ என்று மாற்றி ஒட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

இதே குழப்பம் மருந்தில் வந்தால் ஆபத்து. அம்மாவுக்குக் கையில் அரிப்பு. ஸ்டீராய்டு களிம்பு ட்யூபில் ‘அப்ளை ஸ்பேரிங்லி’ என்று இருந்தது. மருத்துவர் தினமும் இரண்டு வேளை என்று எழுதியிருந்தும், அம்மா நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அரிப்பு அடங்கவில்லை. அடுத்த முறை போனபோது மருத்துவர் அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கிக் காட்டினார். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். எத்தனை வேளை என்பது மருத்துவர் சொல்வது, ஸ்பேரிங்லி என்பது பூச்சின் கனம். பிரிட்டனில் இப்போது இந்தக் களிம்புகளுக்கு ‘மெல்லிசாகப் பரப்பித் தடவவும்’ என்ற பொருளில்தான் சீட்டு ஒட்டுகிறார்கள். தமிழிலும் ‘மெல்லிசாக’ என்றே எழுதுங்கள்.

படி 3: அண்டைவீட்டுச் சொற்கள்

ஃப்ரூகல், த்ரிஃப்டி இரண்டும் பாராட்டு: கட்டுசெட்டாகக் குடும்பம் நடத்துபவர். ஸ்டிஞ்சி வசவு: எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஸ்பேரிங் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ‘ஸ்பேரிங் வித் ப்ரெய்ஸ்’ என்றால் வாயிலிருந்து லேசில் பாராட்டு வராதவர். ஸ்பார்ஸ்லி வேறு சொல். அது அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடர்த்தியில்லாமல் இருப்பது.

அகராதியில் என் சிபாரிசு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ். எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள், பொருளை அப்புறம் பாருங்கள். தமிழ்ச் சொல் தேட, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம். ஒரே சொல்லைத் தட்டிவிடும் கைப்பேசிச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: ‘அன்ஸ்பேரிங்’ என்பது நல்லதா கெட்டதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படி 1-இல் சொன்ன இரண்டு பொருளும் இங்கே திரும்ப வருகின்றன. உதவியைப் பற்றி வந்தால் கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுப்பது. விமர்சனத்தைப் பற்றி வந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காதது. இங்கேயும் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.