தப்பு ஆறுவதற்குள் பதிந்துவிடுங்கள்

எங்கள் மாமா தப்பை, அதாவது தோல் பறையை, நெருப்பில் காய்ச்சி எடுத்தால், இலங்கை மலையகத்து மஸ்கெலியாக் குளிரில் அதன் குரல் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அப்புறம் தோல் தளர்ந்து ‘தொப்’பென்று ஆகிவிடும், திரும்ப நெருப்பு மூட்ட வேண்டும். அவர் அடிப்பதைப் பதிய முயன்ற முதல் நாள் நான் லெப்டொப்பில் மைக்கைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மூன்று தடவை காய்ச்சினார். நாலாவது தடவை, “புள்ள, ஒம் பொட்டி எந்திரிக்கிறதுக்குள்ள என் தப்பு ஆறிப்போகுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதனால், பாட்டுப் பதிய எந்த மென்பொருள் நல்லது என்று யார் கேட்டாலும், எதைப் பதியப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு குரல் மட்டும், அப்பாயி பாடும் தாலாட்டு மாதிரி என்றால் ஒடாசிட்டி போதும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். தாளத்தைக் கணினியிலேயே கட்டி, கீபோர்டில் பாட்டு அமைப்பவர்களுக்கு எஃப்.எல். ஸ்டூடியோ கைக்கு வாகானது. ஆனால் காசு கட்டாத பிரதியில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது. அதன் ஆக மலிவான பதிப்பில் வெகுகாலம் குரல் பதியும் வசதியும் இருக்கவில்லை. வாங்கிய பிறகு இதை அறிந்து தலையில் கை வைத்தவர்கள் உண்டு. போனில் பதிய பேண்ட்லாப் இருக்கிறது, இதுவும் இலவசம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் பிடிக்க இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஓரத்துக்கு வர வேண்டியிருப்பதால் எனக்கு அது சரிப்படவில்லை.

தப்பு, குரல், பின்பாட்டு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குபவர்களுக்கு நான் சொல்வது ரீப்பர். இறக்க வேண்டிய கோப்பு இருபது எம்.பி.கூட இல்லை. 60 நாள் எந்தக் குறையுமில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் தனியாள் உரிமம் 60 டொலர். நம் ரூபாயில் அது சின்னக் காசில்லை. ஆனாலும் திருட்டுப் பிரதியோடு வந்த வைரஸ் என் ஒரு மாத வேலையைத் தின்ற பிறகு, சீட்டுக் காசில் வாங்கிவிட்டேன்.

முதலில் சரிசெய்ய வேண்டியது தாமதம். நீங்கள் பாடியது கணினிக்குள் போய் ஹெட்போனில் திரும்பி வருவதற்குள் சற்றுப் பிந்தும். காதில் எதிரொலி மாதிரிக் கேட்டால் யாராலும் தாளத்தில் பாட முடியாது. விண்டோஸில் ரீப்பரின் ஓடியோ அமைப்பில் தாமதத்தைக் குறைக்கும் ‘அசியோ’ என்ற டிரைவர் வகையைத் தெரிவு செய்யுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஓடியோ இன்டர்ஃபேஸுக்கு உரிய டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் இலவசமான அசியோ4ஆல். பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு, 256 என்றால் 48,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5 மில்லிசெக்கன். 1024 என்றால் 21. போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை கூட்டிக்கொள்ளுங்கள். பதியும்போது 256, பதிந்தவற்றை ஒன்றாகக் கலக்கும்போது 1024 வைப்பேன். பழைய லெப்டொப் 256இல் ‘கிரக் கிரக்’ என்றால் 512க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

ஒடாசிட்டியில் இரண்டாவது குரல் பிந்தி விழுந்தால், பிரெஃபரன்ஸில் ‘லேட்டன்சி கொம்பன்சேஷன்’ என்ற இடத்தைப் பாருங்கள். வழக்கமாக அங்கே −130 மில்லிசெக்கன் இருக்கும். ஒரு கிளிக் சத்தத்தை ஹெட்போனில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பதிந்து, இரண்டு கிளிக்குகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

இனி மாமா விஷயம். தப்பு, குரல், பின்பாட்டு என்று பெயர் வைத்த டிராக்குகளை (தனித்தனி ஒலி வரிசைகளை) உள்ளீட்டோடு சேர்த்து, எப்போதும் திறக்கத் தயாரான டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டேன். அடுப்பு மூட்டும்போதே அதைத் திறந்துவைப்பேன். சூடு ஏறியதும் பதிவை ஓடவிட்டால் நடுவில் நிறுத்துவதே இல்லை. நல்ல அடி வந்தால் ‘எம்’ விசையைத் தட்டி ஒரு குறி வைப்பேன். வெட்டுவதெல்லாம் பிறகுதான், ‘எஸ்’ விசையால். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமையும் அணைத்துவிட்டேன். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துத் தப்பு ஓடும், நிற்கும், ஆடுபவரைப் பார்த்து மூச்சு வாங்கும். அதைக் கட்டத்துக்குள் அடைத்தால் செத்துப்போகும். தப்பை முதலில் பதிந்து, அதன் மேல்தான் பாடுகிறோம்.

மைக்கைத் தப்பின் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். மூன்றடி தள்ளி, சற்றுச் சாய்வாக. ஆகப் பலமான அடியை அடிக்கச் சொல்லி, மீட்டர் −12 டெசிபெல்லைத் தாண்டாமல் கெயினை (மைக்கிலிருந்து உள்ளே வரும் சத்த அளவை) குறையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் சத்தம் குறைவாயிருப்பது குற்றமில்லை, பிறகு ஏற்றலாம். உச்சியில் முட்டிச் சிதைந்த அடியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது. 24 பிட், 48,000இல் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. பிடிக்கும். நாலு நிமிடப் பாட்டு, ஐந்து டிராக் என்றால் 170 எம்.பி. சொச்சம்.

காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) குரல் பதிய, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவின் பழைய கம்பளிகளைப் பாடுபவரின் முதுகுப் பக்கத்துச் சுவரிலும் இரு பக்கமும் தொங்கவிட்டேன். அறையின் எதிரொலி பாதி அடங்கியது. தகரத்தில் மழை விழுந்தால் மட்டும் மூட்டை கட்டிவிடுங்கள். ஒடாசிட்டியின் இரைச்சல் நீக்கி, மாறாமல் இரையும் ஃபேனுக்குச் சரி. மழை குரலின் அலைவரிசை முழுவதிலும் கலந்து, ஏறி இறங்கிப் பெய்யும். அதைச் சுரண்டினால் குரலும் தண்ணீருக்கடியில் பாடுவது போலாகிவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. மாசியில் மழை குறைவு, கூத்தும் அப்போதுதான். அதனால் முக்கியமான பதிவுகளை அந்த மாதத்துக்கே ஒதுக்குகிறேன்.

கரண்ட் போகும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். பேட்டரி செத்த லெப்டொப்பில் பதியாதீர்கள். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும். ரீப்பரில் தானே சேமிக்கும் வசதியையும் போட்டுவையுங்கள்.

கலக்கும்போது நான் செய்வது கொஞ்சம்தான். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய லேசான கம்ப்ரஸர், அறையின் எதிரொலி போலச் சேர்க்க ஒரு சிட்டிகை ரிவேர்ப். பிறகு போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பேன். அதில் குரல் தெளிவாக இருந்தால், வைத்துக்கொள்ள 24 பிட் வேவ் ஒன்று, ஊருக்குக் கொடுக்க 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஒன்று. எம்.பி.3 முதலில் போவது மாமாவின் மகன் ஓட்டும் ஆட்டோவுக்கு. மாமா பின்சீட்டில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் தோல் ஆறியிருந்தது என்று விரல்விட்டுச் சொல்வார். அந்த இடங்களை அடுத்த நெருப்பில் திரும்பப் பதிகிறோம்.