நைரோபியில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

வேலை பெர்மிட், ஏலியன் கார்டு (வெளிநாட்டவர் அடையாள அட்டை), கேஆர்ஏ பின் (வரி எண்) எல்லாவற்றையும் உங்கள் கம்பெனி ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். இறங்கியதும் சிம் வாங்கி, போனிலேயே பணம் கட்டும் எம்-பெசா கணக்கு திறந்துவிடுங்கள், அது இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது. பிளக் இங்கே சதுர மூன்று பின். வோல்டேஜ் 240 என்பதால் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். மளிகைக்குப் பார்க்லாண்ட்ஸ் பக்கம் போங்கள். அவ்வளவுதான், மற்றதெல்லாம் கரன்ட் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் ப்ரீபெய்டு மீட்டர். ரீடிங் எடுக்க யாரும் வர மாட்டார்கள், நம்மூர் 100 யூனிட் இலவசமும் கிடையாது. எம்-பெசாவில் மின்சார கம்பெனியான கென்யா பவரின் பேபில் எண் (பணம் கட்டும் எண்) 888880, அக்கவுன்ட் இடத்தில் மீட்டர் எண். பணம் கட்டியதும் 20 இலக்க டோக்கன் எஸ்எம்எஸ்ஸில் வரும். வீட்டில் இருக்கும் சின்ன கீபேடில் அதை அழுத்தினால் யூனிட் ஏறிவிடும்.

நம் ஆட்கள் தவறாக நினைப்பது விலைக் கணக்கைத்தான். இ.பி. பில் போல முதல் இத்தனை யூனிட்டுக்கு ஒரு விலை, அதற்கு மேல் வேறு விலை என்ற கதை இங்கே இல்லை. கடந்த 3 மாதச் சராசரியைப் பார்த்து உங்களை ஒரு படியில் வைப்பார்கள்: மாதம் 30 யூனிட் வரை ஒன்று, 100 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. எந்தப் படியோ அந்த விலைதான் எல்லா யூனிட்டுக்கும். ஜூலைக் குளிரில், கரன்டில் வெந்நீர் தரும் இன்ஸ்டன்ட் ஷவரை தாராளமாகத் திருகினால் மேல் படிக்குப் போய்விடுவீர்கள். கூரையில் சோலார் தண்ணீர்த் தொட்டி உள்ள வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் விடாதீர்கள்.

இனி என் நண்பருக்கு நடந்தது. திருச்சிக்காரர், தனி ஆள், சமையல் கேஸில்தான். ஃப்ரிட்ஜ், நாலு பல்பு, லேப்டாப், இவ்வளவுதான் செலவு. ஆனால் ஆயிரம் ஷில்லிங்குக்கு அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வரும் யூனிட்டை விட இவருக்கு எப்போதும் குறைவாகவே வந்தது. மீட்டரில் கோளாறு என்றுதான் பல மாதம் நினைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் கட்டடம் மட்டும் இருட்டு. எதிர் வீட்டில் டிவி ஓடுகிறது. முந்தின நாள்தான் டோக்கன் போட்டிருந்தார். கேர்டேக்கரைக் கேட்டால், வீட்டுக்காரர் பில் கட்டவில்லை, கம்பெனிக்காரர்கள் லைனை எடுத்துவிட்டுப் போனார்கள் என்கிறார். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் குப்பைக்குப் போனது.

அவர் வீட்டில் இருந்தது சப்-மீட்டர். கட்டடம் முழுவதற்கும் கென்யா பவரின் மீட்டர் ஒன்றுதான். எல்லா வீட்டு யூனிட்டும் அதில் விழுவதால் கீழ்ப் படி விலைக்கு வழியே இல்லை. அதற்கு மேல் டோக்கன் விற்கும் தனியார் ஆளின் சர்வீஸ் சார்ஜ் வேறு. மாதம் 60 யூனிட் எரிக்கிற மனிதர், ஹீட்டரும் ஓவனுமாக வாழ்கிற குடும்பத்தின் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இதில் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டு மின்சாரம் சுமார் 90 சதவீதம் எண்ணெய், நிலக்கரி எரிக்காமல் வருகிறது. நைவாஷா பக்கம் ஓல்காரியாவில் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியில் 1981 முதல் டர்பைன் சுற்றுகிறது. ஹெல்ஸ் கேட் பூங்காவுக்குள் போனால் அந்த நீராவிக் குழாய்களையும் வரிக்குதிரைகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், கட்டாயம் ஒருமுறை போய்வாருங்கள். டானா ஆற்றில் வரிசையாக அணைகள். வடக்கே துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்கவே பெருமையாக இருந்தது. இவ்வளவு சுத்தமான கரன்ட் நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்து, கடைசியில் நம் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டிக்குள் இப்படி விலை ஏறினால் எப்படிப் பொறுப்பது?

சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் எண்ணெய் எரிக்கும் மின் நிலையங்களையும் ஓட்டுகிறார்கள், அதற்கான எரிபொருள் கட்டணமும் உங்கள் டோக்கனில்தான் பிடிபடும். அதனால் இஸ்திரி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் போடாமல் தள்ளி வையுங்கள். வீட்டு இணைப்புக்கு விலை குறையாது, இருந்தாலும் செய்யுங்கள்.

சரி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. மீட்டர் எண்ணை வாங்கி, அங்கேயே நின்று 888880-இல் ஒரு சின்னத் தொகைக்கு டோக்கன் போடச் சொல்லுங்கள். வேறு பேபில் எண்ணைக் காட்டினால் அது சப்-மீட்டர். கொடுத்த பணத்துக்கு யூனிட் மிகக் குறைவாக வந்தால் பழைய குடித்தனக்காரரின் கடனைப் பிடிக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். *977# அடித்து விசாரியுங்கள். உலகம் முழுக்க இந்த வகை மீட்டர்களை 2024 நவம்பர் 24-க்குள் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் அது விட்டுப்போயிருக்கலாம், மீட்டர் டோக்கனை ஏற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சப்-மீட்டர் வீடுதான் பிடித்திருக்கிறது என்றால், மெயின் பில்லைக் கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு, லைன் போனால் அத்தனை நாள் வாடகை கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.